மறு: ஸ்டிராட்டிஃபிகேஷனுக்குத் தமிழ்ச் சொல்

குடியாத்தம் ஐயாவுக்கு வணக்கம்.

மலைச்செடிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகம் போயாக வேண்டும். விதையைக் குளிரில் வைத்து உறக்கம் கலைப்பதுதான் ஸ்டிராட்டிஃபிகேஷன். இந்த ஒரு சொல்லில்தான் கையேடு நிற்கிறது. நீங்கள் சொன்ன 'அடுக்கமைத்தல்' லத்தீன் வேருக்குப் பொருத்தம்தான். அக்காலத்தில் விதையையும் ஈரமணலையும் அடுக்கடுக்காகப் பரப்பினார்கள். இன்று யார் அடுக்குகிறார்கள்? 'தட்பப்பதனம்' பாடநூலில் வேறொன்றுக்குப் போய்விட்டது. அது பூக்க வைக்கும் குளிர். நமக்கு வேண்டியது முளைக்க வைக்கும் குளிர்.

என் கவலை ஈரம். போன வருடம் ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் விதையைப் பொட்டலத்தோடு 10 வாரம் ஃபிரிட்ஜில் வைத்து விதைத்தேன். ஒன்றுகூட எழவில்லை. நீர் குடித்த விதைக்குத்தான் குளிர் உறைக்கும். அப்போதுதான் உறக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் அப்சிசிக் அமிலம் குறைந்து, முளைக்கத் தூண்டும் ஜிப்ரலின் கை ஓங்கும். இந்த முறை, பிழிந்தால் சொட்டாத ஈரமணலில் கலந்து அதே 10 வாரம், 4 டிகிரியில். பிறகு சன்னலோர வெளிச்சத்தில் வைத்தேன். 12ஆம் நாள் மணலுக்கு நடுவே நூல்முனை போல மூன்று வெள்ளை வேர்!

ஆகவே 'ஈரக்குளிர் நேர்த்தி'. விதை நேர்த்தி உழவருக்குப் பழகிய சொல்.
– காட்பாடி

தம்பி, வேர் விட்டதில் மகிழ்ச்சி. ஆனால் 'ஈரக்குளிர்' செய்முறைக் குறிப்பு, சொல் அன்று. 'கூதிர்' இருக்கிறதே! தொல்காப்பியர் குறிஞ்சிக்கு வகுத்த பொழுது. ஐப்பசி, கார்த்திகை, மழையோடு வரும் குளிர். ஈரம் அதற்குள்ளேயே இருக்கிறது. கூதல், கூதை எல்லாம் ஒரே வேர். கூதளிப் பூவும் அவ்வேரில் வந்ததே என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். 'கூதிரூட்டல்' என்று வையுங்கள்.
– குடியாத்தம்

ஐயா, நேற்று ஒன்பதாம் வகுப்பில் இரண்டையும் கரும்பலகையில் எழுதினேன். 'கூதிரூட்டல்' பார்த்துப் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். 'ஈரக்குளிர்' என்றதும் ஒரு பெண், "ஈரத்துணியில சுத்தி வெக்கணுமா மிஸ்?" என்றாள். எனக்கு அது போதும். 'நேர்த்தி'தான் இடிக்கிறது, எங்கள் பக்கம் அதைக் கேட்டால் மருந்து கலக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். 'ஈரக்குளிர் வைப்பு' எப்படி?
– ஆற்காடு

அம்மா, 'வைப்பு' என்றால் வங்கி நினைவு வருகிறதென இருவர் எழுதியிருக்கிறார்கள். 'ஈரக்குளிர் நேர்த்தி' என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். மருந்து தேவையில்லை என முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். 'கூதிரூட்டல்' சொல்லடைவில் பக்கத்தில் நிற்கும்.
– காட்பாடி

சொல்லடைவில் வைத்ததற்கு நன்றி, தம்பி. என் விதைப் பொட்டலங்களில் 'கூதிரூட்டியது' என்றே எழுதுவேன்.
– குடியாத்தம்