போய் வந்த பிறகு கையில் என்ன மிஞ்சியது?

தாம்பரத்துக்காரர்:
2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் எங்கள் கீழ்த்தளம் முழுக்க மூழ்கியது. இரண்டு நாள் மொட்டை மாடியில் கிடந்தோம். அன்றிலிருந்து ஏரி, மரம், பருவநிலை என்று எங்கே கூட்டம் போட்டாலும் போய்விடுவேன். போன மாதமும் ஒன்றுக்குப் போனேன். உறுதிமொழி எடுத்தோம், குழுப்படம் எடுத்தோம், ஆளுக்கொரு வேப்பங்கன்று கொடுத்தார்கள். கூட்டம் கலைந்ததும் நாற்காலிகளுக்கு அடியில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள். நடத்தியவர்கள் நல்ல மனசோடுதான் நடத்தினார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் இப்போது இருப்பது மூன்றாம் மாடி. கன்றுக்கு இடம் தேடி நாலு நாள் அலைந்து, கடைசியில் ரேஷன் கடைக்காரரிடம் கேட்டு அவர் கடை ஓரத்தில் நட்டேன்.

நீங்கள் போன நிகழ்ச்சிகளில் எது வீட்டுக்கு வந்த பிறகும் தொடர்ந்தது? நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எங்கள் தெருவில் ஒன்று தொடங்க நினைக்கிறோம்.

திருவான்மியூர் அம்மா:
எனக்குக் கடலாமை நடை, அதாவது ஆமை முட்டைகளைத் தேடிக் கடற்கரையில் நடப்பது. 1988 முதல் சென்னையில் மாணவர்கள் நடத்தி வருவது, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, ஆங்கிலச் சுருக்கமாக எஸ்எஸ்டிசிஎன் என்று பெயர். முட்டையிடும் பருவத்தில், ஜனவரி தொடங்கி கோடை வரும் வரை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் இரவில் மணலில் நடப்பார்கள். வார இறுதியில் நம்மைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். என் பெண் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளோடு போனேன். டார்ச் கூடாது, போனையும் உள்ளே வையுங்கள் என்றார்கள். கால் மணி நேரத்தில் கண் பழகிவிட்டது.

இரண்டு மணி இருக்கும். முன்னால் போன பையன் கையை உயர்த்தினான். அலையிலிருந்து மேலே ஏறி, திரும்பி இறங்கிய தடம், டிராக்டர் டயர் போன மாதிரி. பங்குனி ஆமை வந்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருந்தது. அவன் ஒரு குச்சியை மெதுவாக மணலில் இறக்கி இறக்கிப் பார்த்தான். ஓரிடத்தில் குச்சி தானாக உள்ளே போனது. அப்புறம் குச்சியை வைத்துவிட்டு, படுத்துக்கொண்டு, தோள் வரை கையை விட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்தான். பிங்பாங் பந்து அளவு. ஓடு கெட்டியில்லை, விரல் பட்டால் லேசாக அமுங்குகிறது. என் பெண்தான் எண்ணினாள்: 118. குழி குடம் போல, கழுத்து குறுகி அடி அகன்று இருந்தது. அதன் ஆழத்தை அளந்துகொண்டு, பொரிப்பகத்தில் அதே வடிவில் குழி தோண்டி முட்டைகளை வைத்தார்கள். கரையிலேயே விட்டால் நாய் தோண்டிவிடும். தப்பிப் பொரித்தாலும், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து ஓடும் பழக்கம் கொண்டவை. கடலைவிடத் தெருவிளக்கு பளிச்சென்று இருந்தால் ரோட்டுக்குப் போய்விடும்.

மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்றும் அந்தப் பையன் சொன்னான். "அப்போ வெயில் ஏறிக்கிட்டே போனா ஆண் ஆமையே இருக்காதா அண்ணா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் பாப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். பருவநிலை மாற்றம் அவளுக்குப் புரிந்தது அந்த இடத்தில்தான். எனக்கும்தான்.

அதே இரவில் செத்த ஆமை ஒன்றையும் பார்த்தோம். கண் பிதுங்கியிருந்தது. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவலைக்குள் மாட்டினால் முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது நாங்கள் இரண்டு பேரும் செய்தியைப் பார்க்க முடியாமல் டிவியை அணைத்தோம்.

தொடர்ந்தது என்ன என்று கேட்டீர்களே. எங்கள் குடியிருப்பு சங்கத்துக்கு என் பெண் ஒரு கடிதம் எழுதினாள். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பக்கத்து மாடி விளக்குகளை இரவு அணைத்துவிடுகிறார்கள். ஆறில் நாலு அணைகிறது. காவலுக்கு வேண்டும் என்று இரண்டை விடவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ரொறன்ரோவிலிருந்து:
இங்கே 'ரிப்பேர் கஃபே' என்று ஒன்று நடக்கிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. பழுதான பொருளைக் கொண்டுபோனால் தொண்டர்கள் திருத்தித் தருவார்கள், காசில்லை. ஆனால் நாங்களும் பக்கத்திலே இருந்து பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம். அம்மாவின் மிக்ஸியைக் கொண்டுபோனேன். அவர் இறந்த பிறகு எறிய மனமில்லாமல் வைத்திருந்தது. ஒரு வயதான மனிதர் கழற்றிக் காட்டினார்: மோட்டாரில் ஒரு பிழையும் இல்லை, காபன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மாற்றியதும் சத்தம் போட்டு ஓடியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது நான் அங்கே தையல் மேசையில் இருக்கிறேன், உடுப்புகளுக்கு ஸிப் மாற்றிக் கொடுப்பேன்.

மன்னார்குடிப் பக்கம்:
எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா, பாரம்பரிய நெல் ரகங்களுக்கானது. நெல் ஜெயராமன் அண்ணன் 2006இல் தொடங்கியது. இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் ஐயா கூடவே நின்றார். இப்போது இருவருமே இல்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு: 2 கிலோ விதைநெல் கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பணம் கிடையாது.

நான் காட்டுயானம் என்ற பழைய நெல் ரகத்தை வாங்கி வந்தேன். உள்ளே யானை நின்றாலும் தெரியாது என்று சொல்லும் உயரம், 180 நாள் பயிர். அப்பாவுக்கு இஷ்டமில்லை. "ஆறு மாசம் நெலத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும்டா" என்றார். ஓரத்தில் பத்துக் குழி நிலம் மட்டும் விட்டுக்கொடுத்தார். ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்து, தண்ணீர் எட்டு நாள் நின்றது. மற்ற வயலில் குட்டை ரகம் நுனி வரை முழுகி அழுகியது. காட்டுயானம் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அப்பா தினமும் காலையில் அந்த வரப்பில் போய் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வருவார்.

நல்லதை மட்டும் சொல்லக் கூடாது. கதிர் முற்றியதும் மார்கழிக் காற்றில் பாதி சாய்ந்துவிட்டது. மெஷின் இறக்க முடியவில்லை, கை அறுப்புதான். ஆள் கூலி கூடுதல். மகசூலும் குட்டை ரகத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனால் அந்த வருடம் எங்கள் வீட்டில் சாப்பிடவும் விதைக்கவும் இருந்தது அது ஒன்றுதான். 4 கிலோவை மூட்டையாகக் கட்டி அடுத்த திருவிழாவுக்கு எடுத்துப் போனது அப்பா. என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மதுரை அக்கா:
தாம்பரம் தம்பிக்கு, அந்தப் பாட்டில் விஷயத்துக்காக மட்டும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை வந்தது 2019 ஜனவரி 1, மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பர். எங்கள் தெருவில் இரண்டுக்கும் கூட்டம் போட்டோம், இரண்டு தடவையும் பேப்பர் கப்பில்தான் டீ. பேப்பர் என்றாலும் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். அதனால் பாத்திர வங்கி தொடங்கினோம். வீட்டுக்கு ஐந்து எவர்சில்வர் டம்ளர் வாங்கி, 150 சேர்ந்தது. காதுகுத்து, வளைகாப்பு, துக்க வீடு, எதற்கும் எடுத்துப் போகலாம், வாடகையில்லை.

ஒன்று மட்டும் முதலிலேயே யோசித்துவிடுங்கள்: யார் கழுவுவது? முதல் ஆறு மாதம் அந்த வேலை சொல்லாமலே தெருக்கூட்டும் அம்மாவின் தலையில் விழுந்தது. அவரே ஒரு நாள் வந்து, "நீங்க பூமிக்கு நல்லது செய்றீங்க, என் இடுப்பு போகுதுங்க" என்றார். தப்பு எங்களுடையது. இப்போது எடுத்துப் போகிறவர் ஒரு விசேஷத்துக்கு 300 ரூபாய் கழுவுகூலி தர வேண்டும், இல்லையென்றால் தாங்களே கழுவித் தர வேண்டும். 150இல் 131 டம்ளர் இருக்கிறது. மற்றவை எந்த வீட்டு அடுப்படியில் இருக்கிறதோ, இருக்கட்டும்.

சாயல்குடி:
நாங்கள் கண்மாய்க் கரையில் பனை விதை நட்டோம், பள்ளிப் பிள்ளைகளோடு, புரட்டாசியில், பத்தடிக்கு ஒன்றாக 400. பனை முதலில் கீழேதான் கிழங்கு விடும், மேலே எதுவும் தெரியாது. தை பிறந்ததும் போய்ப் பார்த்தால் வரிசையாகக் குழி. பொங்கலுக்குக் கிழங்கு வேண்டும் என்று தோண்டிவிட்டார்கள்! கோபம் வந்தது. ஆனால் பனங்கிழங்கு இல்லாமல் எங்கள் ஊரில் ஏது பொங்கல்? மறு வருடம் கோவில் பின்னால் கிழங்குக்கென்று தனிப் பாத்தி போட்டு, ஊருக்குச் சொல்லிவிட்டு, கரையில் மறுபடி நட்டோம். இப்போது கரையில் 260 வடலி, அதாவது இளம்பனை, நிற்கிறது. பதநீர் இறக்க இன்னும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். நட்ட பிள்ளைகள் பாதிப் பேர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், ஊருக்கு வந்தால் கரைக்கு வந்து எண்ணிவிட்டுத்தான் போகிறார்கள்.

தாம்பரத்துக்காரர்:
எல்லாருக்கும் நன்றி. மதுரை அக்கா, கழுவுகூலி பற்றி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. முதல் கூட்டத்துக்கு அவரவர் டம்ளரை அவரவர் கொண்டுவரச் சொல்லப் போகிறேன். மன்னார்குடி அண்ணே, எங்கள் தெருவில் ஒருவருக்கு மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசன நிலம் இருக்கிறது, அடிக்கடி முழுகும். காட்டுயானம் கிடைக்குமா?

மன்னார்குடிப் பக்கம்:
கிடைக்கும். 2 கிலோ எடுத்து வைக்கிறேன். நாற்று விட ஆடி தாண்டக் கூடாது, அதனால் ஆனி முடிவதற்குள் அவரை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். 4 கிலோவை எனக்குத் திருப்ப வேண்டாம், அவர் ஊரிலேயே இரண்டு பேருக்குக் கொடுக்கட்டும். வரும்போது துணிப்பை கொண்டுவரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் பையில் விதை வியர்த்துவிடும்.