ஃபுகாசியின் மேடையும் கூட்டத்தின் மனமும்: உளவியல் அறிந்தவர்களின் உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். வாஷிங்டனில் 1987இல் உருவான ஃபுகாசி என்ற ராக் இசைக்குழுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். அதில் ஓரிடத்தில் தடைபட்டு நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

பெரிய நிறுவனங்களிடம் போகாமல் டிஸ்கார்ட் என்ற சிறு நிறுவனத்தின் வழியாகவே இசைத்தட்டுகளை வெளியிட்டு, நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்த அவர்களுடைய அரசியலை ஓரளவு எழுதிவிட்டேன். என்னை விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. முன்வரிசையில் யாராவது பிறரை இடித்துத் தள்ளினால், பாட்டைப் பாதியில் நிறுத்தி, பாடகர் இயன் மெக்கே அவரைப் பணிவாகவே அழைத்துக் கண்டிப்பார். கேட்காதவருக்கு அந்த 5 டாலரை உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். வன்முறையும் உற்சாகமும் ஒன்றல்ல என்று மேடையிலிருந்தே சொன்ன அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

கூட்டத்தில் கலந்தவன் தன் அறிவை இழக்கிறான் என்று கூட்டத்தின் மனத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் லெ பான் 1895இல் எழுதினார். 1980இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டீபன் ரெய்ச்சரோ, 'நாம்' என்ற பொது உணர்வு கூட்டத்துக்கு எல்லைகளையும் வகுக்கிறது என்று காட்டினார். என் மனம் ரெய்ச்சரின் பக்கமே சாய்கிறது.

ஆனால் பாட்டு நின்றதும் கூட்டம் அடங்குவது அந்தப் பொது உணர்வாலா, அல்லது ஒலிவாங்கியைப் பிடித்திருப்பவரின் அதிகாரத்தாலா? உளவியல் படித்தவர்களும், இசை நிகழ்ச்சிகளில் கூட்டத்தை நேரில் கையாண்டவர்களும் தங்கள் கருத்தைச் சொன்னால் பேருதவியாக இருக்கும். இசை அரங்குகளை மையமாகக் கொண்ட கள ஆய்வுகள் தெரிந்தால் அவற்றின் பெயரையும் அன்புகூர்ந்து குறிப்பிடுங்கள்.