வீடு மாறும் நாளில் வயிற்றுவலி, இப்போது பேச்சும் நின்றுவிட்டது: அடுத்து என்ன?

குழந்தைகளோடு வேலை செய்யும் ஆலோசகர்களுக்கு. பையனுக்கு 7 வயது. பெற்றோர் பிரிந்து 5 மாதம், விவாகரத்து வழக்கு நடக்கிறது. வாரநாளில் அம்மா வீடு, வார இறுதியில் அப்பா வீடு. ஞாயிறு மாலை பையை எடுத்து வைக்கத் தொடங்கினாலே வயிற்றுவலி. 3 வயதில் நின்ற படுக்கை நனைப்பு இப்போது வாரத்தில் 3 இரவு. சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று இல்லை, மலச்சிக்கலும் இல்லை.

இதுவரை 9 அமர்வு, தலா 45 நிமிடம், விளையாட்டு சிகிச்சை. இரண்டு பொம்மை வீடு வைத்தால், குட்டிப் பொம்மையை இரண்டுக்கும் நடுவே தரையில் குப்புறப் போடுகிறான். எந்த வீட்டுக்குள்ளும் விடுவதில்லை.

இரு வீட்டுச் சுவரிலும் ஒரே மாதிரி இருநிற நாள்காட்டி மாட்டினோம். நாள் குழப்பம் தீர்ந்தது, வலி தீரவில்லை. "இது உன்னால வந்ததில்ல" என்று இருவரும் ஒரே வார்த்தையில் சொல்லப் பழக்கினோம். வாசலில் வைத்து ஒப்படைப்பதை நிறுத்தி, வெள்ளி மாலை பள்ளியில் அழைத்து, திங்கள் காலை பள்ளியிலேயே விடும்படி மாற்றினோம். வாசல் சண்டையாவது ஓய்ந்தது.

6ஆவது அமர்வுக்குப் பிறகு பையன் அமர்வில் வாயே திறப்பதில்லை. அமர்வு முடிந்து வண்டியில் ஏறியதும் "உள்ள என்ன சொன்னே?" என்று பெற்றோரில் ஒருவர் துருவுகிறார். வழக்குக்கு உதவும் என்ற கணக்கு. இது சிகிச்சை மட்டுமே, பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று அறிக்கை தரமாட்டேன் என்று முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்கியும் பலனில்லை. அமர்வை நிறுத்தினால் 'இவங்களும் போயிட்டாங்க' என்று எடுத்துக்கொள்வானோ என்ற தயக்கம் வேறு.

தனி அமர்வை 4 வாரம் நிறுத்திப் பெற்றோரோடு மட்டும் வேலை செய்வதா, பேச்சே தேவைப்படாத விளையாட்டாகத் தொடர்வதா?