சேமிக்காத மாற்றத்தை விண்டோவில் எப்படிக் காட்டுவது?

வணக்கம். க்யூடியில் (விண்டோ, பொத்தான் எல்லாம் கொண்ட செயலிகளை எழுத உதவும் நிரல் தொகுப்பு) சின்னதாக ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதிக்கொண்டிருக்கிறேன். சேமிக்காத மாற்றம் இருந்தால் டைட்டில் பாரில் கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி வர வேண்டும். முதலில், உரை மாறும்போதெல்லாம் க்யூடி அனுப்பும் டெக்ஸ்ட்சேஞ்ச்ட் சிக்னலைப் பிடித்து நானே ஒரு மாறியில் குறித்துவைத்தேன். தப்பு. ஓர் எழுத்தை அடித்துவிட்டு அன்டூ செய்தாலும் நட்சத்திரம் போகவில்லை. எழுத்தின் நிறம் மட்டும் மாறினாலும் அந்த சிக்னல் வருகிறது!

அப்புறம், சேமிக்காத மாற்றம் உண்டா இல்லையா என்ற நிலை மாறும்போது மட்டும் வரும் டாகுமென்ட்டின் மாடிஃபிகேஷன்சேஞ்ச்ட் சிக்னலை, அந்த நிலையை விண்டோவுக்குச் சொல்லும் செட்விண்டோமாடிஃபைடோடு இணைத்தேன். டைட்டிலில் [*] என்று போட்டுவிட்டால் மீதியை க்யூடியே பார்த்துக்கொள்கிறது. மேக்கில் நட்சத்திரத்துக்குப் பதில் மூடும் பொத்தானுக்குள் ஒரு புள்ளி, அழகுதான்.

இப்போது சிக்கல் டேப்களில். ஒரே விண்டோவில் நாலைந்து கோப்புகள் திறந்திருந்தால், முன்னால் இருக்கும் டேபின் நிலையை மட்டும் டைட்டிலில் காட்டுவதா, எது சேமிக்காமல் இருந்தாலும் காட்டுவதா? முதல் வழியில் பின்னால் இருக்கும் கோப்பு கண்ணில் படாது. இரண்டாவதில் சேமித்த பிறகும் நட்சத்திரம் நிற்கும். சேவ் ஆகவில்லையோ என்று ஆள் கன்ட்ரோல் எஸ்ஸை அழுத்திக்கொண்டே இருப்பார்.

இப்போதைக்கு டைட்டிலில் முன் டேபின் நிலை, ஒவ்வொரு டேபிலும் அதனதன் குறி என்று வைத்திருக்கிறேன். இதைவிடத் தெளிவான வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்களேன்.