ஓம் ஷின்ரிக்கியோ: ஆறாண்டு மௌனத்துக்குக் காரணம் குருபக்தி மட்டும்தானா?

நெய்தல் (கேள்வி):
வணக்கம். ஜப்பானின் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சரின் நச்சைப் பரப்பியவர்கள் என்ற அளவில்தான் நம்மில் பலர் அவர்களை அறிவோம். ஆனால் 1989 நவம்பரிலேயே, பிள்ளைகளை அந்த அமைப்பிடம் பறிகொடுத்த பெற்றோருக்காகப் போராடிய யோகோஹாமா வழக்கறிஞர் சுட்சுமி சகமோட்டோவையும், அவர் மனைவியையும், ஒரு வயதுக் குழந்தையையும் வீடு புகுந்து கொன்று, மூன்று உடல்களையும் மூன்று மாகாணங்களில் தனித்தனியே புதைத்திருக்கிறார்கள். உடல்கள் கிடைத்தது 1995 செப்டம்பரில்தான். கொன்றவர்களில் ஒருவர் மருத்துவம் படித்தவர். இத்தனை ஆண்டுகள் ஒருவரும் வாய் திறக்காமல் இருக்கக் குருபக்தி மட்டும் போதுமா? ஓம், சத்யம், புருஷா என்று நமக்குப் பழகிய சொற்களையே அவர்களும் சூட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

வடகரை:
பக்தி முதலில் வந்தது, இரகசியம் அதைத் தொடர்ந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எனக்குத் தெரிந்தவரை நடந்தது நேர்மாறானது. 1988-இல் ஃபுஜி மலையடிவாரக் கூடத்தில் அடியவர் ஒருவர் பயிற்சியின்போது, குளிர்ந்த நீரில் அமிழ்த்தப்பட்டு இறந்துபோனார். மதச் சட்ட நிறுவனமாகப் பதிவு பெற அமைப்பு முயன்றுகொண்டிருந்த நேரம் அது. வெளியே தெரிந்தால் பதிவு கைநழுவிவிடும் என்று அஞ்சி, தலைவர் ஷோகோ அசஹாராவும் அவரைச் சூழ்ந்திருந்தவர்களும் உடலை எரித்து மறைத்தார்கள். அதை அறிந்திருந்த ஷூஜி தகுச்சி என்ற உறுப்பினர் விலகிச் செல்ல விரும்பியபோது, 1989 பிப்ரவரியில் அவரையும் கொன்றார்கள். ஆகஸ்டில் பதிவு கிடைத்துவிட்டது. தகுச்சியின் கொலையில் பங்கெடுத்தவர்களில் சிலரே நவம்பரில் சகமோட்டோ வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் பிணத்தை மறைத்தவனுக்கு இரண்டாவது கட்டளையை மறுக்க வழியே இல்லாமல் போகிறது. அந்த வழியின்மையைத்தான் அவர்கள் விசுவாசம் என்று அழைத்துக்கொண்டார்கள். மேலும், இறப்பவரின் உணர்வை உயர்ந்த நிலைக்கு மாற்றுவதைக் குறிக்கும் ‘போவா’ என்ற திபெத்திய பௌத்தச் சொல்லைக் கொலைக்குப் பெயராக்கினார்கள். வீடும் சேமிப்பும் உறவும் அமைப்புக்கே என்று எழுதிக்கொடுத்துத் துறவு பூண்டவருக்கு, அந்தச் சொல்லைக் கேள்வி கேட்டுவிட்டுப் போய்ச் சேர ஓர் இடமும் இல்லை.

மணிமுத்தாறு:
வடகரை சொல்வதில் பெரும்பகுதி சரியே. ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். கொலையாளிகளில் ஒருவரான கசுவாகி ஒகசாகி, 1990 பிப்ரவரியில் அமைப்பிலிருந்து தப்பியோடி, குழந்தை புதைக்கப்பட்ட இடத்தின் வரைபடத்தைப் பெயர் குறிப்பிடாமல் காவல்துறைக்கு அனுப்பினார். தேடியவர்கள் எதையும் காணாமல் திரும்பினார்கள். அவரோ அசஹாராவிடம் பணம் பெற்றுக்கொண்டு அடங்கிவிட்டார். அமைப்பினர் உடையில் குத்திக்கொள்ளும் ‘புருஷா’ சின்னம் ஒன்று சகமோட்டோவின் வீட்டிலேயே விழுந்து கிடந்தது. கொலைக்குச் சில நாட்களுக்கு முன்பு, சகமோட்டோவின் நேர்காணல் ஒளிப்பதிவை அமைப்பினருக்குப் போட்டுக் காட்டிய டிபிஎஸ் தொலைக்காட்சி, அந்த உண்மையை 1996 வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆக, உள்ளே இருந்தவர்களின் மௌனத்தை மட்டும் ஆராய்ந்தால் பாதிதான் புரியும்.

நெய்தல்:
இருவருக்கும் நன்றி. வரைபடம் கிடைத்தும் குழந்தை ஐந்தாண்டுகள் மண்ணிலேயே கிடந்ததைப் படித்து அழுதுவிட்டேன். அந்த மௌனத்தைப் பணத்துக்காக அல்லாமல் மனசாட்சியால் உடைத்தவர் எவரேனும் உண்டா?

வடகரை:
இக்குவோ ஹயாஷியைச் சொல்லலாம். இதய அறுவை மருத்துவர். 1995 தாக்குதலில், நாளிதழில் சுற்றிய சரின் பொட்டலத்தைக் குடைமுனையால் குத்திவிட்டு ரயிலை விட்டு இறங்கியவர். அந்தப் பொட்டலத்தை அப்புறப்படுத்திய ரயில் நிலைய ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். கைதான பிறகு விசாரணை அதிகாரிகளிடம் அவர் தாமாகவே அனைத்தையும் சொன்னார். அதனால்தான் 1998-இல் அவருக்குத் தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயிர் காக்கும் கைகளால் இதைச் செய்தோம் என்ற எண்ணம் அவரைக் குலைத்தது என்றே நான் நம்புகிறேன். அசஹாராவோ, நீதிமன்றத்தில் பழியைச் சீடர்கள் மீது போட்டுவிட்டுப் பிறகு பேச்சையே நிறுத்திக்கொண்டார். 2018 ஜூலையில் அவரும், அவருக்காகக் கொன்ற பன்னிரண்டு சீடர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒகசாகியும் ஒருவர்.