ஏபிஐ வழியாக ஒர்க் ஆர்டர் எடுத்தால் கணக்கு உதைக்கிறது, உதவி தேவை

சத்துவாச்சாரி தம்பி:

வணக்கம். வேலூரில் ஒரு கட்டட கான்ட்ராக்டர் ஆபீசில் கணக்கு பார்க்கிறேன். ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கமும் எங்களுக்கு சைட் உண்டு. சென்ட்ரிங், கம்பி கட்டுதல், பூச்சு வேலை என்று ஒவ்வொரு மேஸ்திரிக்கும் தனி ஒர்க் ஆர்டர் (வேலை ஒப்பந்தம்) போடுகிறோம். எல்லாம் ஒரு கட்டுமான மென்பொருளில் ஏறியிருக்கிறது. ஆடிட்டர் 2024-25க்கு முழுப் பட்டியல் கேட்கிறார். ஒவ்வொன்றாகத் திறந்து எக்செலில் ஏற்றி மாளாது என்பதால், பைத்தானில் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஏபிஐ (ஒரு புரோகிராம் மென்பொருளிடம் நேரடியாகத் தகவல் கேட்கும் வழி) மூலம் எடுக்கிறேன்.

ராணிப்பேட்டை சைட்டுக்குச் சரியாக 100 பதிவு வந்து நின்றுவிடுகிறது. லெட்ஜரில் அதைவிட அதிகம் இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, 200, அதாவது 'சரி' என்றே பதில் வருகிறது. அரக்கோணம் சைட்டைக் கேட்டால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்கிறது. அதே சைட் பிரவுசரில் எனக்கு நன்றாகத் திறக்கிறது. அப்புறம், வந்த பதிவுகளின் தொகையைக் கூட்டினாலும் லெட்ஜரோடு ஒட்டவில்லை.

ஆடிட்டருக்காக மட்டும் கேட்கவில்லை. வேலை நடக்க நடக்கப் போடும் ரன்னிங் பில் ஒவ்வொன்றிலும் 5 சதவீதத்தை ரிட்டென்ஷன் என்று பிடித்து வைக்கிறோம். வேலை முடிந்து, பிடித்து வைக்கும் கெடுவும் தாண்டிய மேஸ்திரிகளுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தர இதே பட்டியலைத்தான் பார்க்கப் போகிறோம். இதில் ஒருவர் விடுபட்டால் அவருக்குப் பணம் போகாது. அவரிடம் கூலிக்கு நிற்பவர்களும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள்.

காட்பாடி புரோகிராமர்:

சரியாக 100 என்று நின்றால் அது பக்க வரம்பு தம்பி. பட்டியல் பெரிதாக இருந்தால் சர்வர் மொத்தத்தையும் ஒரே மூச்சில் தராது, பக்கம் பக்கமாகத்தான் தரும். முதல் பக்கம் ஒழுங்காக வந்ததால்தான் 200. பதிலின் ஹெடரில் (தரவோடு சேர்ந்து வரும் குறிப்பு வரிகளில்) 'லிங்க்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அதில் 'நெக்ஸ்ட்' என்று அடுத்த பக்கத்தின் முகவரி இருக்கும். அது வராமல் போகும் வரை லூப் ஓடட்டும். சில ஏபிஐ இதையே பதிலின் உள்ளே தரும், உங்களுடையது எது என்று ஆவணத்தில் பாருங்கள்.

இங்கே பலர் சிக்கும் இடம் ஒன்று உண்டு. பக்கத்துக்கு 500 கேட்போம், சர்வர் சத்தமில்லாமல் அதை 100 ஆகக் குறைத்துவிடும். 'கேட்டதைவிடக் குறைவாக வந்தால் முடிந்தது' என்று ஸ்கிரிப்டில் எழுதியிருந்தால் முதல் பக்கத்திலேயே நின்றுவிடும். எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, வரிசையை ஐடி எண்ணின்படி வையுங்கள். கடைசியாகத் திருத்திய நேரப்படி வைத்தால், நீங்கள் மூன்றாம் பக்கம் எடுக்கும்போது யாராவது ஒரு ஒர்க் ஆர்டரைத் திருத்தினாலும் பதிவுகள் இடம் மாறும். ஒரு பதிவு இரண்டு முறை வரும், இன்னொரு பதிவு வராமலே போகும்.

404க்குக் காரணம் அனுமதியாக இருக்கலாம். பிரவுசரில் நுழைவது உங்கள் லாகின். ஸ்கிரிப்டின் டோக்கன் (ஏபிஐக்குள் நுழையும் சாவி) வேறொரு சர்வீஸ் அக்கவுண்டுக்கு, அதாவது புரோகிராம்களுக்கென்றே வைத்த கணக்குக்கு உரியதாக இருந்தால், அந்த அக்கவுண்டை அரக்கோணம் புராஜெக்டில் சேர்த்திருக்க மாட்டார்கள். அனுமதி இல்லை என்றால் 403 தானே வர வேண்டும் என்று தோன்றும். ஆனால் அப்படி ஒன்று இருப்பதையே காட்டிக்கொள்ளாமல் 404 தருவதையும் எச்டிடிபி விதி அனுமதிக்கிறது. அட்மினிடம் சொல்லிப் படிக்கும் அனுமதி மட்டும் வாங்குங்கள், எழுதும் அனுமதி வேண்டாம்.

வாலாஜா சைட் இன்ஜினியர்:

தொகை ஏன் ஒட்டவில்லை என்பதற்கு நான் சொல்கிறேன். ஒர்க் ஆர்டர் பதிவில் வருவது பெரும்பாலும் முதலில் போட்ட தொகை. நடுவில் அளவு கூடி, மேஸ்திரிக்குக் கூடுதலாக எழுதிக் கொடுத்தது சேஞ்ச் ஆர்டராகத் தனியே நிற்கும். அதைத் தனி அழைப்பில்தான் எடுக்க வேண்டும். ஒப்புதல் ஆனதை மட்டும் கூட்டுங்கள். டிராஃப்டில் கிடப்பதையும் ரத்தானதையும் சேர்த்தால் லெட்ஜரைத் தாண்டிப் போகும். ரிட்டென்ஷன் ஒப்பந்தத் தொகைமீது அல்ல, பில் தொகைமீது பிடிப்பது. அதனால் அந்தப் பட்டியலுக்கு பில்களையும் எடுத்தே ஆக வேண்டும்.

மாவட்டத்தை வைத்து வடிகட்டுகிறீர்களா? வேண்டாம். 2019இல்தான் வேலூரைப் பிரித்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயின. அதற்கு முன் தொடங்கிய சைட்டுகளில் 'வேலூர்' என்றே பதிந்திருக்கும், யாரும் திருத்தியிருக்க மாட்டார்கள். புராஜெக்ட் ஐடியை வைத்தே எடுங்கள்.

சத்துவாச்சாரி தம்பி:

ரொம்ப நன்றி அண்ணே. பக்கம் பக்கமாக எடுத்ததும் ராணிப்பேட்டை முழுதாக வந்துவிட்டது. அனுமதி கொடுத்ததும் அரக்கோணமும் திறந்தது. சேஞ்ச் ஆர்டரைச் சேர்த்ததும் தொகையும் நெருங்கிவிட்டது. ஆனால் இன்னும் சில ஒர்க் ஆர்டர் 2024-25 பட்டியலில் இல்லை. தேடிப் பார்த்தால் எல்லாமே ஏப்ரல் 1ஆம் தேதி போட்டவை! திரையில் 01-04-2024 என்றுதான் தெரிகிறது. ஏபிஐ தரும் பதிலில் மட்டும் '2024-03-31டி18:30:00இசட்' என்று இருக்கிறது.

காட்பாடி புரோகிராமர்:

அந்தக் கடைசி 'இசட்'தான் விஷயம். அது யூடிசி (உலகப் பொது நேரம்) என்று அர்த்தம். நம் நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. தேதியை மட்டும் கொடுத்துப் பதிந்தால் மென்பொருள் அதை நள்ளிரவு 12 மணி என்று வைத்துக்கொள்கிறது. நம் ஏப்ரல் 1 நள்ளிரவு, யூடிசியில் மார்ச் 31 மாலை 6.30. முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டித் தேதியாக எடுத்தால் அந்த ஒப்பந்தம் போன நிதியாண்டில் போய் விழும். ஏப்ரல் 1 மட்டும் அல்ல, எல்லாத் தேதியுமே ஒரு நாள் முந்தைய தேதியாகத்தான் இருக்கும். ஆண்டு மாறும் இடத்தில்தான் கண்ணில் படுகிறது. பைத்தானில் 'ஏசியா/கொல்கத்தா' நேரத்துக்கு மாற்றிய பிறகு தேதியை எடுங்கள். அடுத்த ஏப்ரல் 1 தேதியிட்டவை இந்த ஆண்டில் நுழைந்திருக்கும், அதையும் பாருங்கள்.

எக்செலில் போடும்போது ஐடி எண்ணை டெக்ஸ்டாக வையுங்கள். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியை எக்செல் பூஜ்ஜியமாக்கிவிடும்.

ஆற்காடு வரி ஆலோசகர்:

இடையில் ஒன்று சொல்கிறேன். இந்த ஒப்பந்தத் தேதியை வைத்து டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) கணக்கு போட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் ஆண்டுக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவில் தனிநபர் மேஸ்திரிக்கு 1 சதவீதம். ஒரே பில் 30,000 ரூபாயையோ ஆண்டு மொத்தம் 1,00,000 ரூபாயையோ தாண்டினால் பிடிக்க வேண்டும். பணத்தை வரவு வைத்த நாள், கொடுத்த நாள் இரண்டில் எது முந்தியதோ அதுதான் கணக்கு.

சத்துவாச்சாரி தம்பி:

நேரத்தை மாற்றியதும் விடுபட்டவை எல்லாம் வந்துவிட்டன, லெட்ஜரோடும் ஒட்டுகிறது. ரிட்டென்ஷன் பட்டியலை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். இனி இதைத் தினமும் இரவில் தானாக ஓட வைக்கலாம் என்று நினைக்கிறேன். நேற்றுக்குப் பிறகு திருத்தியதை மட்டும் எடுத்தால் போதுமா அண்ணே?

காட்பாடி புரோகிராமர்:

தினசரிக்குப் போதும். நேற்று ஓடிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து கேளுங்கள், இரண்டு முறை வருவதை ஐடி வைத்துக் கழித்துவிடலாம். 429 வந்தால் வேகமாகக் கேட்கிறீர்கள் என்று பொருள். 'ரீட்ரை ஆஃப்டர்' ஹெடர் சொல்லும் நேரம் காத்திருந்து மறுபடி கேட்கட்டும். ஆனால் நீக்கிய ஒர்க் ஆர்டர் இந்த முறையில் தெரியவே தெரியாது. அதற்கு ஞாயிறு இரவு ஒரு முறை முழுப் பட்டியலையும் எடுத்து ஒப்பிடுங்கள்.