மடிவிளிம்பா, உருட்டுவிளிம்பா?

அன்புடையீர்,
அமெரிக்காவின் எல்கார்ட்டில் கான் நிறுவனம் செய்த சாக்சபோன்கள் பற்றிய அட்டவணை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'ரோல்டு டோன் ஹோல்' (விளிம்பை வெளிப்பக்கம் வளைத்த சுரத்துளை) என்பதற்குச் 'சுருள்விளிம்புத் துளை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
— க.

> சுருள்விளிம்பு

சுருள் தன்வினை. விளிம்பு தானாகச் சுருளவில்லை, சுருட்டினார்கள். 'சுருட்டுவிளிம்பு' என்றால் புகையிலை முன்னால் வந்து நிற்கும். 'உருட்டுவாய்' எனலாம்.
— ந.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். முதலில் துளைக்கு மேல் வளையத்தை ஈயம் வைத்து ஒட்டினார்கள். அடியில் பற்றுவைத்த கோடு தெரியும். பிறகு குழாய்ச் சுவரையே வெளியே இழுத்து உயர்த்தினார்கள். 1920ஐ ஒட்டி அந்த விளிம்பை வெளிப்பக்கமாக வளைத்தார்கள். 1940களின் இறுதியில் விட்டுவிட்டார்கள். வளைந்த விளிம்பில் பேட் (துளையை மூடும் தோல் மெத்தை) அகலமாக உட்காரும், தோல் வெட்டுப்படாது. ஆனால் அரம் போடக் கூடாது. தகடு மெல்லியது, வளைவு திறந்து காற்று கசியும். பள்ளத்தை அடியிலிருந்துதான் தூக்க வேண்டும். நகத்தை ஓட்டிப் பாருங்கள்: உச்சியில் தட்டையாக ஒரு பட்டை தட்டுப்பட்டால் யாரோ அரம் போட்டிருக்கிறார்கள்.

'1914 டிசம்பர் 8' முத்திரையை வைத்து ஆண்டு எழுதிவிடாதீர்கள். அது துளை இழுக்கும் முறையின் காப்புரிமை நாள். 1920களின் கருவிகளிலும் இருக்கிறது. வரிசை எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். மார்ட்டின் என்ற இன்னொரு நிறுவனம் வெகுகாலம் ஈயம் வைத்தே ஒட்டியது. ஆகவே பற்றுவைத்த கோடு மட்டும் பழமைக்குச் சான்றாகாது.
— இரா.

> உருட்டுவாய்

'வாய்' கூடாது. சிலப்பதிகார அரங்கேற்றுகாதை உரையில் அடியார்க்குநல்லார் இருபது விரல் குழலுக்கு முதல்வாய், வளைவாய் என்கிறார். விரல் வைப்பவை துளைகள். எட்டில் ஒன்றை 'முத்திரை' என்று கழிக்கிறார். காப்புரிமைக் குறிக்கும் அதே சொல்லா? 'பொறிப்பு' என்று மாற்றுங்கள்.
— தே.

அம்மா, முத்திரையை எல்லாரும் அறிவார்கள், விட்டுவிடலாம். 'உருட்டு' வேண்டாம், இன்று மாணவர்களுக்கு அது பொய் பேசுவது. 'ரோல்டு' என்றே எழுதினால் பழுது பார்ப்பவருக்குப் புரியும்.
— மு.

'மடிவிளிம்பு'? மடிதல், மடித்தல் இரண்டுக்கும் பகுதி ஒன்றே. வினைத்தொகையில் தன்வினைச் சிக்கல் இல்லை. பாத்திரத்துக்கும் விளிம்பு மடிப்பது என்றுதானே சொல்கிறோம்?
— தே.

மடித்தால் தகடு தட்டையாகப் படியும். இங்கே உள்ளே குடைவு இருக்கிறது. அரம் போட்டால் கெடுவதே அதனால்தான்.
— இரா.

நான்கு பேர் 'மடிவிளிம்புத் துளை'க்கு இசைந்திருக்கிறார்கள். அதையே அனுப்புகிறேன். முதல் இடத்தில் 'ரோல்டு' அடைப்புக்குறிக்குள் வரும். குடைவு பற்றி இரா. ஐயா சொன்னது படத்தின் கீழ் வரும்.
— க.

படத்தின் கீழ் போடுங்கள். சொல்லுக்கு என் இசைவு இல்லை.
— இரா.